அது இலவச வீடு இல்லீங்க, வரிக்கணக்கு வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நியூயார்க்ல, க்வீன்ஸ் பக்கம் ஃப்ளஷிங்ல இருந்து எழுதறேன். இங்க வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு, ஆனா காலைல காபியோட உங்க பேப்பரை போன்ல ஒரு புரட்டு புரட்டலன்னா எனக்கு நாள் தொடங்காது. போன வாரம் அமெரிக்க நகரங்கள்ல வாடகை எப்படி ஏறிக் கெடக்குன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல ஒரு வரி, அமெரிக்க அரசு வரிப்பணத்துல ஏழைகளுக்கு இலவசமா வீடு கட்டித் தருது, நம்ம குடிசை மாற்று வாரியம் மாதிரின்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். நீளமா போயிரும்னு எனக்கே தெரியுது, வெட்டிக்கங்க, ஆனா கணக்கு வர்ற எடத்துல மட்டும் கத்திரி வைக்காதீங்க, நான் சொல்ல வர்றதே அந்த கணக்கைத்தான்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இந்த மாதிரி ஒரு பில்டிங் வரப்போகுதுன்னு சேதி வந்தப்போ அதை எதிர்த்து சுத்துல விட்ட பெட்டிஷன்ல கையெழுத்து போட்டவன்தான் நானும். படிக்காமலே போட்டேன். பௌன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயில் கேன்டீன்ல தோசைக்கு லைன்ல நிக்கறேன், தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் க்ளிப்போர்டோட வந்து "தம்பி, ஒரு சைன் போடு, நம்ம ஏரியால ப்ராஜெக்ட்ஸ் கட்டப்போறாங்களாம்"னார், போட்டுட்டு தோசை வாங்கிட்டு வந்துட்டேன். இதுல வெக்கக்கேடு என்னன்னா, என் பொழப்பே வருஷா வருஷம் ஜனவரில இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் நம்மாளுங்களுக்கு டாக்ஸ் ஃபைல் பண்ணிக் கொடுக்கறதுதான். அந்த பெட்டிஷன்ல மூணாவது வரியிலயே "டாக்ஸ் க்ரெடிட்"னு இருந்திருக்கு. என் கண்ணுல படல.

ப்ராஜெக்ட்ஸ்னு சொன்னா இங்க எல்லாருக்கும் மனசுல ஒரே படம்தான் ஓடும். லாங் ஐலண்ட் சிட்டில க்வீன்ஸ்பிரிட்ஜ் ஹவுசஸ்னு இருக்கு, 1939ல திறந்தது, 3,100 வீட்டுக்கு மேல இருக்கும், நாட்டுலயே பெரிய பப்ளிக் ஹவுசிங்னு சொல்வாங்க. அது நெஜமாவே அரசாங்க வீடு. சிட்டியோட ஹவுசிங் அதாரிட்டி நடத்துது, வாடகை பொதுவா உங்க வருமானத்துல 30 சதவீதம், உங்க சம்பளம் கொறஞ்சா வாடகையும் கொறையும். அப்படிக் கட்டறதை இந்த நாடு எப்பவோ விட்டுருச்சு. 1973 ஜனவரில நிக்சன் புது ஹவுசிங் மானியத்தையெல்லாம் நிறுத்தி வச்சார், அப்புறம் 1998ல ஃபேர்க்ளாத் திருத்தம்னு ஒண்ணு வந்து, ஹவுசிங் அதாரிட்டிங்க 1999 அக்டோபர்ல எத்தனை வீடு வச்சிருந்தாங்களோ அதுக்கு மேல மத்திய அரசு காசுல கட்டக்கூடாதுன்னு பூட்டு போட்டுருச்சு. ஆக இன்னைக்கு எங்கயாவது புதுசா "அஃபோர்டபிள்"னு போர்டு வச்சு பில்டிங் எழும்புதுன்னா பெரும்பாலும் அது வேற வழில வந்ததா இருக்கும். ரீகன் 1986ல கையெழுத்து போட்ட வரி சீர்திருத்த சட்டத்துல செக்‌ஷன் 42ன்னு ஒரு பிரிவு, லோ இன்கம் ஹவுசிங் டாக்ஸ் க்ரெடிட், அதாவது கம்மி வருமானக்காரங்களுக்கு வீடு கட்டினா அரசாங்கம் பணமா தராம வரில கழிச்சு விடறது, இந்த தொழில்ல இருக்கறவங்க லைடெக்னு கூப்பிடுவாங்க. முதல்ல தற்காலிகம்னுதான் கொண்டு வந்தாங்க, 1993ல நிரந்தரமாக்கினாங்க. இதுவரைக்கும் முப்பது லட்சம் வீட்டுக்கு மேல இந்த வழில வந்திருக்கு. ஹவுசிங் துறையோட பட்ஜெட்ல இதுக்குன்னு ஒரு வரி தேடினீங்கன்னா கெடைக்காது, ஏன்னா இது செலவு கணக்குலயே வராது, வராத வரின்னு ஐஆர்எஸ், அதாவது வரித்துறை பக்கம் போயிரும்.

இது எனக்கு புரிஞ்சது ஒரு அக்காவால. யாழ்ப்பாணத்துக்காரங்க, வீட்டுக்காரர் தவறி பல வருஷமாச்சு, காலேஜ் போற பையனோட எங்க பில்டிங் பேஸ்மென்ட்ல ஒரு ரூம்ல இருக்காங்க. பேஸ்மென்ட்டுன்னா ஜன்னல் தரையோட தரையா இருக்கும், மழை பெஞ்சா துண்டு சுருட்டி ஓரத்துல வைக்கணும். ஹோம் அட்டென்டன்ட் வேலை, அதாவது வயசானவங்க வீட்டுக்கு போய் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை எடுத்துக் குடுத்து பாத்துக்கறது. இவங்க சிட்டியோட ஹவுசிங் கனெக்ட் சைட்ல ஒரு லாட்டரிக்கு அப்ளை பண்ணிருந்தாங்க. ஆமாங்க, லாட்டரிதான், இந்த வீடுங்களுக்கு குலுக்கல் முறைலதான் ஆள் எடுக்கறாங்க, அப்ளை பண்ணா லாக் நம்பர்னு ஒண்ணு வரும், அது சின்னதா இருந்தா கும்பிடு போட்டுக்கலாம், பெருசா இருந்தா மறந்துரலாம். அக்காவுக்கு சின்ன நம்பர். ஒன்றரை வருஷம் சத்தமே இல்ல, திடீர்னு ஒரு ஈமெயில், இன்ன தேதிக்குள்ள பேப்பர் எல்லாம் கொண்டு வாங்கன்னு. என்கிட்ட ஓடி வந்தாங்க.

ஒரு சனிக்கிழமை முழுக்க என் டைனிங் டேபிள்ல உக்காந்து அடுக்கினோம். வரிசையா பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), போன வருஷ டபிள்யூ-2 (வருஷ சம்பளக் கணக்கு), டாக்ஸ் ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட், பையன் காலேஜ்ல இருந்து லெட்டர், இப்ப இருக்கற ரூமுக்கு வாடகை கட்டின ரசீது (பேஸ்மென்ட்டுக்கு ஏது ரசீது, வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சி ஒரு பேப்பர்ல எழுதி வாங்கினோம்). பேங்க் ஸ்டேட்மென்ட்ல 200 டாலர் ஒரு டெபாசிட் இருந்தா அது எங்க இருந்து வந்துச்சுன்னு அதுக்கும் விளக்கம் எழுதணும். அக்கா சீட்டு கட்டி எடுத்த காசு ஒண்ணு இருந்துச்சு, அதை எப்படிடா இங்கிலீஷ்ல எழுதறதுன்னு நானும் அந்த பையனும் அரைமணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டோம்.

எல்லாம் கொடுத்தாச்சு. மூணு வாரத்துல ரிஜெக்ட்னு லெட்டர் வந்துச்சு. காரணம், வருமானம் கூடுதல். எவ்வளவு கூடுதல்னா சுமார் 600 டாலர், வருஷத்துக்கு! நடந்தது என்னன்னா, கூட வேலை பாக்கற ஒரு அம்மா லீவுல போனதால அக்கா ரெண்டு மாசம் அவங்க பேஷன்ட்டையும் சேர்த்துப் பாத்தாங்க, ஓவர்டைம். இந்த வீட்டுக்கு கையில வாங்கற சம்பளத்தை பாக்க மாட்டாங்க, பிடித்தம் போறதுக்கு முன்னாடி உள்ள மொத்த சம்பளம், அதுவும் அடுத்த 12 மாசத்துக்கு எவ்வளவு வரும்னு கணக்கு போடுவாங்க. அந்த ரெண்டு மாச ஓவர்டைமையும் சேத்து வருஷம் முழுக்கப் பெருக்கிட்டாங்க. 2025ல நியூயார்க்ல ரெண்டு பேர் குடும்பத்துக்கு 50 சதவீத வரம்பு (ஏரியா நடுத்தர வருமானத்துல பாதி) 64,800 டாலர், அக்கா கணக்கு 65,400க்கு வந்து நின்னுருச்சு. அதே பில்டிங்ல 60 சதவீத வீடும் இருந்துச்சு, அதோட வரம்பு 77,760, அதுக்குள்ள இவங்க தாராளமா வருவாங்க, ஆனா அதெல்லாம் ரொம்பிருச்சாம். "தம்பி, அறுநூறு டொலருக்கு வீடு இல்லையெண்டு சொல்லிப் போட்டினம். நான் என்ன களவெடுத்தனானே, கூட வேலை செய்தது பிழையே?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

அந்த 600 டாலருக்கு ஏன் இவ்வளவு கெடுபிடின்னு உக்காந்து செக்‌ஷன் 42வை படிக்க ஆரம்பிச்சப்போதான் நான் எதுல கையெழுத்து போட்டேன்னு எனக்கே விளங்குச்சு. உங்க வாசகர்களுக்கும் ஒரு உதாரணம் சொல்றேன், நம்பர் என்னோட உதாரணம்தான், முறை சட்டத்துல உள்ளது. ஒரு பில்டிங் கட்ட நிலம் போக கணக்குல எடுத்துக்கற செலவு 2 கோடி டாலர்னு வச்சுக்கங்க, எல்லா வீடும் வரம்புக்குட்பட்ட வீடுன்னு வச்சுக்கங்க. ஏழ்மை அதிகமான ஏரியான்னு ஹட் (மத்திய ஹவுசிங் துறை) குறிச்சு வச்ச எடத்துல கட்டினா அந்த செலவை 30 சதவீதம் வரைக்கும் ஏத்திக் காட்டலாம், அப்ப 2 கோடியே 60 லட்சம். இதுல ரெண்டு வகை க்ரெடிட், 4 பர்சென்ட், 9 பர்சென்ட்னு வாய்வழக்கு. 4 பர்சென்ட்டுன்னா வருஷத்துக்கு 10 லட்சத்து 40 ஆயிரம் டாலர் வரில கழிச்சுக்கலாம், பத்து வருஷத்துக்கு, மொத்தம் 1 கோடியே 4 லட்சம். 9 பர்சென்ட்டுன்னா 2 கோடியே 34 லட்சம், ஆனா அது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜனத்தொகை பாத்து அளந்துதான் வரும், அடிச்சுக்கிட்டு வாங்கணும். டிடக்‌ஷன் வேற, க்ரெடிட் வேறன்னு என் கஸ்டமருங்ககிட்ட நான் வருஷா வருஷம் தொண்டை வத்த சொல்றதுதான், டிடக்‌ஷன் வருமானத்துல கழியும், க்ரெடிட் கட்ட வேண்டிய வரிலயே டாலருக்கு டாலர் கழியும்.

இப்ப பில்டிங் கட்டறவருக்கு இவ்வளவு வரியே வராது, அவர் க்ரெடிட்டை வச்சு என்ன பண்ணுவார்? பெரிய பேங்குங்ககிட்ட விப்பார். டாலருக்கு 85 சென்ட்டுன்னு வித்தா அந்த 1 கோடியே 4 லட்சத்துக்கு 88 லட்சத்து சொச்சம் ரொக்கமா கைக்கு வரும், அதுல கட்டுமானம் நடக்கும், மிச்சத்துக்கு பாண்டு (கடன்பத்திரம்), கடன், சிட்டியோட உதவின்னு ஒட்டுப்போடுவாங்க. பேங்க் சும்மா ஒண்ணும் வாங்கல, வரி மிச்சம், அது போக 1977ல வந்த சட்டப்படி தாங்க டெபாசிட் வாங்கற ஏரியால கடனும் முதலீடும் கொடுத்ததா காட்டணும், அதுக்கும் இது கணக்குல சேரும். கொடுமை என்னன்னா பேப்பர்ல பாத்தா பொதுவா அந்த பில்டிங்ல 99.99 சதவீத பங்கு முதலீட்டாளருக்கு, கட்டி நடத்தறவருக்கு 0.01. நான் முதல்ல டைப்பிங் மிஸ்டேக்னே நெனச்சேன்.

இதனால பேங்குங்களுக்கு தும்மல் வந்தா இந்த வீடுங்களுக்கு ஜுரம் வருது. 2008ல மார்க்கெட் விழுந்தப்போ லாபமே இல்லாத கம்பெனிக்கு வரி க்ரெடிட் எதுக்கு, வாங்க ஆளே இல்லாம போச்சு, 2009ல அரசாங்கம் க்ரெடிட்டை வாங்கிக்கிட்டு நேரா பணமா கொடுத்து பாதில நின்ன வேலைய முடிக்க வேண்டியதாப் போச்சு. 2017ல கம்பெனி வரியை 35ல இருந்து 21 சதவீதமா கொறைச்சாங்க, வரி கொறைஞ்சா வரிச்சலுகைக்கு மவுசும் கொறையும்ல, அந்த பேச்சு கிளம்பினப்பவே க்ரெடிட் வெலை எறங்கிருச்சு. 2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டத்துல இதுக்கு கொஞ்சம் தெம்பு கொடுத்திருக்காங்க, 9 பர்சென்ட் க்ரெடிட்டை 12 சதவீதம் கூட்டிட்டாங்க, 4 பர்சென்ட் முழுசா கெடைக்க செலவுல பாதியாவது பாண்டுல வரணும்னு இருந்ததை கால்வாசின்னு கொறைச்சிருக்காங்க.

சரி, அக்காவோட 600 டாலருக்கு வர்றேன். பேங்குக்கு க்ரெடிட் பத்து வருஷம், ஆனா பதினஞ்சு வருஷம் விதி பெசகாம நடக்கணும். யாரோ ஒருத்தர் வரம்பு மீறின வருமானத்தோட உள்ள வந்துட்டாங்கன்னு தெரிஞ்சா, மாநில ஏஜென்சி ஃபார்ம் 8823ன்னு ஒண்ணை ஐஆர்எஸ்க்கு அனுப்பணும், அந்த வீட்டுக்கான க்ரெடிட் போகலாம், ஏற்கனவே எடுத்ததுலயும் ஒரு பங்கை திருப்பிக் கட்டச் சொல்லலாம். 2018ல இருந்து இன்னொரு முறையும் இருக்கு, 80 சதவீதம் வரைக்கும் வருமானம் உள்ளவங்களையும் சேத்துக்கலாம் ஆனா மொத்த சராசரி 60க்குள்ள நிக்கணும், அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் இது 50, இது 60, இது 80ன்னு முத்திரை குத்தி வச்சிருப்பாங்க. 50 வீட்டுல 50.5 ஆளை வச்சா மேனேஜருக்கு தூக்கம் போயிரும். ஆக அக்காவோட பே ஸ்டப்பை ஒரு டாலர் விடாம கூட்டினது யாரோட காசை காப்பாத்தன்னு இப்ப புரியுதா? இதுல ஒரு வேடிக்கை, உள்ள போனதுக்கப்புறம் உங்க சம்பளம் ஏறினா வெளிய அனுப்ப மாட்டாங்க. வரம்பை விட 40 சதவீதத்துக்கு மேல போனாக்கூட வீடு உங்களுதுதான், காலியாகற அடுத்த வீட்டை வரம்புக்குட்பட்டவங்களுக்கு கொடுத்தாப் போதும். வாசல்படில மட்டும்தான் தராசு.

அப்பீலுக்கு பத்து வேலை நாள்தான் டைம். ஓவர்டைம் தற்காலிகம்தான்னு வேலை பாக்கற ஏஜென்சி ஒரு வரி எழுதிக் கொடுத்தா முடிஞ்சிருக்கும். அந்த ஆபீஸ்ல போன் எடுத்தவங்க "நாங்க வருங்காலத்தைப் பத்தி லெட்டர் தர்றதில்ல"ன்னுட்டாங்க. நல்ல பாலிசி!

இப்ப இலவசம்ங்கற வார்த்தைக்கு வருவோம். லைடெக் வீட்டு வாடகை நீங்க என்ன சம்பாதிக்கறீங்கன்னு பாத்து வர்றதில்ல. ஹட் வருஷா வருஷம் ஏரியா நடுத்தர வருமானம், ஏஎம்ஐன்னு ஒரு தொகை அறிவிக்கும், 2025ல நியூயார்க்ல மூணு பேர் குடும்பத்துக்கு 1,45,800 டாலர். ரெண்டு பெட்ரூம்னா மூணு பேர்னு எடுத்துக்கணும், ரூமுக்கு ஒன்றரை ஆள் (அரை ஆள் யாருன்னு என்னைக் கேக்காதீங்க, சட்டம் அப்படித்தான் சொல்லுது). 60 சதவீதம் 87,480, அதுல 30 சதவீதம் வாடகைக்குன்னு எடுத்து 12 மாசத்துக்கு வகுத்தா 2,187. அதாவது அந்த வருஷம் 60 சதவீத வீட்டுல ரெண்டு பெட்ரூமுக்கு, வீட்டுக்காரர் கட்டாத கரண்ட் கேஸ் செலவையும் சேத்து, மாசம் 2,187 டாலர் வரைக்கும் வாங்கலாம். இதுக்குப் பேர் இலவசமா? நாளைக்கு வேலை போனாலும் அதே 2,187தான், க்வீன்ஸ்பிரிட்ஜ் மாதிரி கூட எறங்கி வராது. செக்‌ஷன் 8 வவுச்சர், அதாவது வாடகைல ஒரு பங்கை அரசாங்கம் கட்டற சீட்டு, இருந்தா சமாளிக்கலாம், வவுச்சரோட வர்றவங்களை அந்த காரணத்துக்காக வேண்டாம்னு சொல்லக்கூடாதுன்னும் சட்டம் இருக்கு, ஆனா வவுச்சர் கெடைக்கறது லாட்டரியை விட பெரிய லாட்டரி. ரொம்ப கம்மி வருமானம் உள்ளவங்களுக்கு இந்த வாடகையே எட்டாது, நெறைய எடத்துல குறைஞ்சபட்ச வருமானம்னும் ஒண்ணு கேப்பாங்க. மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, நடுவுல ஒரு சந்து, அதுக்குள்ள நுழையறவங்க யாருன்னு பாத்தா ஹோம் அட்டென்டன்ட், ஸ்கூல் பஸ் ஓட்டறவர், ஃபார்மசில கவுன்டர்ல நிக்கற பொண்ணு. அந்த க்ளிப்போர்டு அண்ணனோட அம்மாவைப் பாத்துக்க தினமும் ரெண்டு பஸ் மாறி வர்றாங்களே, அவங்க அந்த சந்துக்குள்ள கச்சிதமா வருவாங்க.

அண்ணனை நான் கொறை சொல்லல. அவர் பயமும் ஒரு பயம்தான். முப்பது வருஷம் ஈஎம்ஐ கட்டறவருக்கு வீட்டு வெலை எறங்கிருமோன்னு இருக்கத்தான் செய்யும். ஸ்டான்ஃபோர்ட்ல ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க பல மாநிலங்கள்ல இந்த பில்டிங்குங்களைச் சுத்தி வீட்டு வெலை என்ன ஆச்சுன்னு பாத்து 2019ல வெளியிட்டாங்க. வருமானம் கம்மியான ஏரியால பில்டிங்குக்கு பத்துல ஒரு மைல் தூரத்துக்குள்ள வெலை 6.5 சதவீதம் ஏறிருக்கு. வசதியான, வெள்ளைக்காரங்க அதிகமா இருக்கற ஏரியால 2.5 சதவீதம் எறங்கிருக்கு. ரெண்டையும் சொல்றேன், எனக்கு சாதகமானதை மட்டும் சொல்லிட்டு போனா அது வக்கீல் வேலை. எங்க ஃப்ளஷிங் ரெண்டாவது ரகம் இல்லன்னு மட்டும் கண்ணால பாத்தே சொல்லலாம். பார்க்கிங் பத்தி அண்ணன் சொன்னதுக்கு என்கிட்ட பதிலே கெடையாது, இப்பவே ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்தா நான் மூணு ரவுண்டு சுத்தறேன்.

ஆனா அவர் கேட்ட ஒரு கேள்வில நெஜம் இருக்கு, "ஏன் எப்பவும் நம்ம மாதிரி ஏரியாலயே கொண்டு வந்து வைக்கறாங்க, மன்ஹாட்டன்ல பார்க்கை ஒட்டி வைக்கறதுதானே"ன்னார். நான் மேல சொன்ன 30 சதவீத ஏத்தம் இருக்கே, ஏழ்மை அதிகமான எடத்துல கட்டினா தானா வரும், நிலமும் மலிவு, எதிர்க்க ஆளும் கம்மி, அப்ப கட்டறவர் எங்க போவார்? டெக்சஸ்ல டல்லாஸ் பக்கம் இதை வச்சு ஒரு கேஸே நடந்துச்சு, க்ரெடிட்டையெல்லாம் கறுப்பின மக்கள் இருக்கற பகுதிலயே கொட்டி, வெள்ளைக்கார புறநகர்ல தராம விட்டா அது ஒதுக்கி வைக்கறதை வளக்கற மாதிரின்னு. 2015 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு, உள்நோக்கத்தை நிரூபிக்கலன்னாலும் விளைவை வச்சே ஃபேர் ஹவுசிங் சட்டத்துல கேஸ் போடலாம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்த குறிப்பிட்ட கேஸ்ல கேஸ் போட்டவங்க கடைசில ஜெயிக்கல, அது வேற. அதனால அண்ணன் கேள்வி சரி, ஆனா அதுக்கு தீர்வு இங்க வேண்டாம்னு சொல்றது இல்ல, அங்கயும் வைன்னு சொல்றதுன்னு எனக்கு தோணுது.

எங்க பக்கம் வரப்போற பில்டிங் பத்தி கம்யூனிட்டி போர்டு, அதாவது ஏரியா ஆலோசனைக் குழு, கூட்டம் ஒரு ஸ்கூல் சாப்பாட்டு ஹால்ல நடந்துச்சு. சின்னப் பசங்க உக்காரற பெஞ்ச்ல முட்டி நெஞ்சுல இடிக்க எல்லாரும் உக்காந்திருக்கோம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம், முடிஞ்சா பெல். முதல்ல பேசின ஒன்பது பேரும் கூட்டம், கொசு, குப்பை, பார்க்கிங், ஸ்கூல்ல எடம் இல்லன்னே பேசினாங்க. என் முறை வந்தப்போ நான் என் கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்னு சொல்லிட்டு ஒரே கேள்விதான் கேட்டேன், இந்த வாடகை கட்டுப்பாடு எத்தனை வருஷத்துக்கு? ஹால்ல ஒரு சத்தம் இல்ல. கட்டறவங்க தரப்பு வக்கீலம்மா பேப்பரைப் புரட்டி "அது ரெகுலேட்டரி அக்ரிமென்ட்ல வரும்"னாங்க. அந்த ஒப்பந்தத்துல எத்தனை வருஷம்னு கேட்டேன், பெல் அடிச்சிருச்சு.

ஏன் அதைக் கேட்டேன்னா, அங்கதான் இந்த திட்டத்துல ஓட்டை. 1990க்கு முன்னாடி வந்த பில்டிங்குங்களுக்கு வெறும் பதினஞ்சு வருஷம்தான் கட்டாயம். அதுக்கப்புறம் குறைஞ்சது முப்பதுன்னு ஆக்கினாங்க, ஆனா கூடவே ஒரு கதவும் வச்சாங்க. பதினாலாவது வருஷம் முடிஞ்சதும் ஓனர், எனக்கு விக்கணும், ஆள் புடிச்சுக் கொடுன்னு மாநில ஏஜென்சிகிட்ட கேக்கலாம், வெலை எவ்வளவுன்னு சட்டத்துலயே ஒரு ஃபார்முலா இருக்கு, பல நேரம் அது மார்க்கெட் வெலையை விட ஜாஸ்தியா வந்து நிக்கும். ஒரு வருஷத்துக்குள்ள வாங்க ஆள் வரலன்னா கட்டுப்பாடு போச்சு. உள்ள இருக்கறவங்களுக்கு மூணு வருஷம் பாதுகாப்பு, அப்புறம் வீட்டுக்காரர் வச்சதுதான் வாடகை. இப்ப நெறைய மாநிலங்கள்ல க்ரெடிட் கொடுக்கறப்பவே இந்த வழியை பயன்படுத்த மாட்டேன்னு எழுதி வாங்கிடறாங்க, நல்லது. லாபநோக்கமில்லாத அமைப்பு கட்டினதுன்னா பதினஞ்சாவது வருஷம் பேங்க் வெளிய போறப்போ அவங்களே முதல்ல வாங்கிக்கற உரிமையை எழுதி வச்சுக்கலாம், ஆனா நாடு பூரா அதை வச்சு முதலீட்டாளருங்களோட கோர்ட் வாசல்ல நிக்கறவங்களும் இருக்காங்க. முப்பது வருஷம் முழுசா ஓடினாலும், 1990கள்ல எழும்பின பில்டிங்குங்களுக்கு எல்லாம் கெடு முடியற காலம் இதுதான். அக்கா பையனுக்கு இப்ப பத்தொம்பது. இன்னைக்கு வீடு கெடைச்சு முப்பது வருஷத்துல கட்டுப்பாடு போச்சுன்னா அவனுக்கு நாப்பத்தொம்பது, அக்காவுக்கு எண்பதைத் தாண்டிருக்கும். அந்த வயசுல அவங்களை எங்க போகச் சொல்றது?

பெட்டிஷன் போட்டவங்க இந்த ஒரு கேள்விக்காக போட்டிருந்தாங்கன்னா நான் மறுபடி க்ளிப்போர்டை வாங்கி கையெழுத்து போட்டிருப்பேன். போர்டு ஓட்டு வெறும் ஆலோசனைதான், முடிவு பண்றது வேற ஆளுங்க, ஆனா அதுக்கு நடுவுல வருஷத்தை கூட்டி எழுத வைக்கலாம், பல எடத்துல வச்சிருக்காங்க.

அதனால ஆசிரியர் அவர்களே, உங்க நிருபர் அடுத்த தடவை இதைப் பத்தி எழுதினா இலவசம்ங்கற வார்த்தையை எடுத்துட்டு, எந்த வருமானத்துக்கு, எவ்வளவு வாடகை, எத்தனை வருஷத்துக்குன்னு மூணு நம்பரைப் போடச் சொல்லுங்க. இங்க இருக்கற நம்ம பசங்க உங்க பேப்பரைப் பாத்துதான் வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்றாங்க, அந்த ஃபார்வர்டுதான் கேன்டீன் லைன்ல க்ளிப்போர்டா வந்து நிக்குது.

அக்கா வேற ஒரு லாட்டரிக்கு அப்ளை பண்ணிருக்காங்க, இந்த தடவை லாக் நம்பர் பெருசு. ஏஜென்சில இருந்து ஞாயித்துக்கெழமை டபுள் ஷிஃப்டுக்கு போன் வந்தா எடுக்கறதில்லையாம். எவ்வளவு வரைக்கும் சம்பாதிக்கலாம்னு ஒரு பேப்பர்ல எழுதித் தாங்கோ தம்பின்னு கேட்டாங்க, எழுதிக் கொடுத்தேன், ஃப்ரிட்ஜ்ல காந்தம் போட்டு ஒட்டி வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
ஃப்ளஷிங் வாசகர் ஒருவர்
க்வீன்ஸ், நியூயார்க்